பாரிஸ் மியூசியம் பாஸ்: குடும்பத்தோடு போனால் வாங்கலாமா?

கோவை_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். மே 11, திங்கள் மாலை பாரிஸில் இறங்குகிறோம். 16, சனிக்கிழமை காலை கிளம்புகிறோம். நான், மனைவி, அம்மா (68 வயது, முழங்கால் வலி உண்டு), மகள் 15, மகன் 9. நடுவில் நான்கு முழு நாள் கிடைக்கிறது.

மியூசியம் பாஸ் வாங்கினால் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குள் போகலாம், டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம் என்கிறார்கள். ஐந்து பேருக்கும் நான்கு நாள் பாஸாக எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பட்டியல்: லூவர் மியூசியம், வெர்சாய் அரண்மனை, ஓர்சே ஓவிய மியூசியம், ஈஃபிள் கோபுரம், அந்த வெற்றி வளைவு. மெட்ரோ பயணமும் பாஸில் அடங்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

ஐந்து பாஸா? கையை எடுங்கள் சார் கிரெடிட் கார்டிலிருந்து.

பிள்ளைகள் இருவருக்கும் பாஸே தேவையில்லை. லூவர், ஓர்சே, வெர்சாய், ஆர்க் து திரியோம்ஃப் (வெற்றி வளைவு) என்று நீங்கள் சொன்ன இடங்களில் 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். இந்தியப் பிள்ளை, ஐரோப்பியப் பிள்ளை என்ற பேதம் இதில் கிடையாது. வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். ஆனால் லூவருக்கும் வெர்சாய்க்கும் அவர்கள் பெயரிலும் இலவச டிக்கெட்டாக நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு வாசலில் போய் வாதாடும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

ஈஃபிள் கோபுரம் பாஸில் இல்லை. மெட்ரோவும் இல்லை. எலும்புக்கூடு சுரங்கம், ஓப்பரா கார்னியே இரண்டும் இல்லை. ஈஃபிளுக்கு லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு விற்பனைக்கு வரும், மே மாதத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்றைக்கே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாச்சப்பல்_அக்கா

வணக்கம் செந்தில் தம்பி. நான் பரிஸில் கன வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிந்து திரிந்தே இந்த விசயமெல்லாம் பழகிவிட்டது.

முதலில் ஒன்று சொல்லவேணும். மே 14, வியாழன், இங்கே பொது விடுமுறை. இயேசு விண்ணேற்ற நாள். வெள்ளியையும் லீவு போட்டு நாலு நாளாக்கிக்கொண்டு பிரெஞ்சுச் சனமே ஊர் சுற்ற வெளிக்கிடும். ஆகவே அந்த வியாழன், வெள்ளிக்குச் சனக்கூட்டம் சாதாரண வாரத்தைவிடக் கூட. நேரப் பதிவை இப்பவே செய்யுங்கோ.

இரண்டாவது, லூவர் செவ்வாய்க்கிழமை பூட்டு. ஓர்சேயும் வெர்சாயும் திங்கட்கிழமை பூட்டு. இதனால் செவ்வாயில் வெர்சாயில் சனம் முட்டும், ஏனென்றால் லூவருக்குப் போக முடியாதவை எல்லாம் அங்கேதான் போகும். நீங்கள் செவ்வாயில் வெர்சாய் வைக்காதீங்கோ.

கோவை_செந்தில்

நன்றி அக்கா, நன்றி புலி. அப்போ பெரியவர்கள் மூன்று பேருக்கு மட்டும் நான்கு நாள் பாஸ். சரிதானே?

கணக்குப்புலி

இன்னும் சரியில்லை.

இந்த பாஸ் நாள் கணக்கில் ஓடுவதில்லை, மணிக்கணக்கில் ஓடுகிறது. 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று வகை. முதல் இடத்தில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும், நடுவில் நிற்காது. புதன் காலை 10 மணிக்கு ஸ்கேன் செய்தால் 48 மணி நேர பாஸ் வெள்ளி காலை 10 வரை செல்லும். அதாவது மூன்று காலண்டர் நாட்களைத் தொடலாம்.

இப்போது டிக்கெட் விலை. ஜனவரி 2026 முதல் லூவரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ, உள்ளே இருப்பவர்களுக்கு 22. நமக்கு 32. வெர்சாயிலும் சேன் ஷப்பேல் ஆலயத்திலும் இதே இரட்டை விலை வந்துவிட்டது, வெர்சாய் முழு டிக்கெட் நமக்கு முப்பதுக்கு மேல், சேன் ஷப்பேல் இருபதுக்கு மேல். ஓர்சே 16. பாஸ் விலையில் மட்டும் நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்பதில்லை. போன ஆண்டு வரை "பாஸ் பெரிய லாபமில்லை" என்று எழுதிய பழைய பதிவுகளை நம்பாதீர்கள். இந்த விலை மாற்றத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருபவருக்குத் தராசு பாஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. விசித்திரம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

பாஸ் விலையை இங்கே எழுத மாட்டேன். அது ஏறிக்கொண்டே இருக்கிறது, நாளைக்கு யாராவது இந்த இழையைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு, நீங்கள் போகப்போகும் இடங்களின் டிக்கெட்டை மட்டும் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள். "ஐம்பது இடங்கள்" என்பது விளம்பரத்துக்கு. அதில் மிகப் பலதை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை.

அம்மாவுக்கு? லூவரும் வெர்சாயும் மட்டும் பார்த்து மற்ற நேரம் ஓய்வெடுப்பார் என்றால் தனி டிக்கெட்டே மலிவு.

டிராயிங்_மாஸ்டர்

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன் நான். புலியின் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த பாஸைக் கையில் வைத்திருப்பவர்களின் முகத்தை நான் ஓர்சேயில் பார்த்திருக்கிறேன். மோனேயின் ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காசு கொடுத்தாயிற்றே என்று வயிறு நிறைந்த பிறகும் அன்லிமிட்டெட் மீல்ஸில் மூன்றாவது முறை சாதம் வாங்குகிற மாதிரி.

இன்னொன்றைக் கவனியுங்கள். பாஸ் வைத்திருந்தாலும் ஒரு இடத்துக்கு ஒரு முறைதான் நுழையலாம். காலையில் லூவரில் இரண்டு மணி நேரம், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி இரண்டு மணி நேரம் என்பதெல்லாம் நடக்காது. வெளியே வந்தால் முடிந்தது. லூவரில் ஒரு நாளில் எதைப் பார்ப்பீர்கள்? மோனா லிசா இருக்கும் அறையில் கூட்டத்தின் செல்போன்களைத்தான் பார்க்க முடியும். அதே கட்டடத்தில் ஹம்முராபியின் சட்டக்கல் இருக்கிறது, ஆளே இல்லாமல் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சமோத்ராஸின் சிறகுள்ள வெற்றித் தேவதை படிக்கட்டின் உச்சியில் நிற்கிறாள், தலை இல்லை, கை இல்லை, ஆனால் காற்று அடிப்பது தெரியும்.

என் கருத்து: ஒரு நாளைக்கு ஒரு மியூசியம். அதற்கு மேல் கண் வாங்காது. அப்படிப் போனால் பாஸ் நஷ்டம்தான்.

கணக்குப்புலி

மாஸ்டர், ஒரு நாளைக்கு ஒரு மியூசியம் என்பதற்குப் பாரிஸில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். செந்தில் சார் விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். திரும்ப எப்போது போவாரோ. அவரிடம் போய் மோனே முன்னால் தியானம் செய் என்றால் எப்படி?

தோசைக்கல்_சிங்கை

இருவரும் சண்டை போடாதீர்கள். நான் சிங்கப்பூரிலிருந்து போய் இந்த பாஸை வைத்துச் சுற்றியவள். மாஸ்டர் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் எனக்கு அமைந்தது.

பாஸ் இருந்ததால்தான் சின்ன இடங்களுக்குள் எட்டிப் பார்க்கத் துணிந்தோம். தனியாகக் காசு கொடுத்து க்ளூனி இடைக்கால மியூசியத்துக்குள் நான் போயிருக்கவே மாட்டேன். பாஸ் இருந்தது, மழை வந்தது, உள்ளே நுழைந்தோம். பெண்ணும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருக்கும் ஆறு பெரிய தறிச்சித்திரத் திரைகள், மங்கலான வெளிச்சத்தில். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தோம், காசு வீணாயிற்றே என்ற உறுத்தல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் வெளியே வரலாம், அந்தச் சுதந்திரம்தான் பாஸ்.

என் மகனுக்கு லூவர் கொட்டாவி. அவனுக்குப் பிடித்தது ஆர் ஏ மெத்தியே என்ற பழைய தொழில்நுட்ப மியூசியம். பூமி சுற்றுவதைக் காட்ட விஞ்ஞானி ஃபூக்கோ பயன்படுத்திய ஊசல் அங்கேதான் இருக்கிறது. வௌவால் இறக்கை மாதிரி ஒரு பழைய பறக்கும் எந்திரம், க்ளெமோன் ஆதேர் செய்தது, படிக்கட்டுக்கு மேலே தொங்குகிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு அதைத்தான் சொல்வேன். அதுவும் பாஸில் உண்டு.

டிராயிங்_மாஸ்டர்

தறிச்சித்திரத்துக்காக உங்களை மன்னித்தேன் அம்மா.

ஆகன்_மாணவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படிக்கும் மாணவர்களுக்காக. ஜெர்மனியிலோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலோ படிக்கிறீர்களா? 26 வயது ஆகவில்லையா? பாஸ் வாங்காதீர்கள், ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். லூவர், ஓர்சே, வெர்சாய், பாந்தியோன், சேன் ஷப்பேல், எல்லாம் நமக்கு இலவசம். அங்கே வசிப்பதுதான் கணக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஜெர்மன் வதிவிட அட்டையையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். பல்கலைக்கழக அடையாள அட்டை மட்டும் காட்டினால் சில இடத்தில் ஏற்க மாட்டார்கள், வதிவிட அட்டைதான் ஆதாரம்.

என் வகுப்பில் இந்தியப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இது தெரியாது. நான் படிக்கும் ஆகன் நகரிலிருந்து பாரிஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது, போய்விட்டு வாருங்கள்.

கோவை_செந்தில்

என் தங்கை மகன் மூனிக்கில் படிக்கிறான், 23 வயது. எங்களோடு பாரிஸில் சேர்ந்துகொள்வான். அவனுக்கும் பாஸ் போட இருந்தேன்! இழை ஆரம்பித்ததற்கு அந்தக் காசு மிச்சம்.

வியன்னா_ரயில்

பாரிஸ் மட்டுமே பார்த்துவிட்டு எல்லா ஊர் பாஸும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் சுற்றுலா பாஸ் என்றாலே இரண்டு சாதி. ஒன்று நுழைவு பாஸ், பாரிஸ் மியூசியம் பாஸ் மாதிரி, வாசலில் டிக்கெட்டுக்குப் பதில். இன்னொன்று தள்ளுபடி அட்டை. வியன்னா சிட்டி கார்டு இந்த இரண்டாவது வகை. அதில் மெட்ரோ, டிராம், பேருந்து அடங்கும், மியூசியத்தில் டிக்கெட் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். அதை வாங்கிவிட்டு ஷோன்ப்ருன் அரண்மனை வாசலில் "ஏன் காசு கேட்கிறீர்கள்" என்று கேட்கும் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். வியன்னாவில் நுழைவு வேண்டும் என்றால் வியன்னா பாஸ் என்று வேறொன்று இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம்.

ரோமா பாஸ் இரண்டுக்கும் நடுவே. 48 மணி நேர அட்டையில் முதல் ஒரு இடம் இலவசம், 72 மணி நேரத்தில் முதல் இரண்டு இடங்கள், மீதி எல்லாம் தள்ளுபடி, பேருந்து மெட்ரோ உண்டு. வாட்டிகன் மியூசியம் அதில் கிடையாது, அது வேறு நாடு ஆயிற்றே. இதில் விவரம் தெரிந்தவர்கள் முதல் இடமாக விலை அதிகமானதை வைத்துக்கொள்வார்கள். கொலோசியத்துக்குப் பாஸ் இருந்தாலும் முன்பதிவு தேவை.

ஆம்ஸ்டர்டாம் அட்டையில் ஆன் ஃபிராங்க் வீடு கிடையாது. முக்கியமான ஒன்றிரண்டை வெளியே வைத்துவிட்டுத்தான் எல்லா ஊரிலும் விற்கிறார்கள். அதனால் பாஸில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட என்ன இல்லை என்று முதலில் பாருங்கள்.

கணக்குப்புலி

அருமை. இதோடு இன்னொன்று. பாரிஸில் மியூசியம் பாஸோடு படகுச் சவாரி, மேல்தளம் திறந்த பஸ், ஷாம்பேன் கிளாஸ் எல்லாம் சேர்த்து ஒரே கூட்டு பாஸாகத் தனியார் நிறுவனங்கள் விற்கும். தேடினால் முதலில் வந்து நிற்பது அவைதான். படகு தனியாக எவ்வளவு, பஸ் தனியாக எவ்வளவு என்று பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லாச்சப்பல்_அக்கா

மெற்றோ கதைக்கு வாறன். தம்பி, நீங்கள் திங்கள் வந்து சனி போகிறீர்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம். நவிகோ என்று ஒரு வாரக் கார்டு இருக்குது. திங்கள் முதல் ஞாயிறு வரைதான் அது செல்லும், வார நடுவில் வாங்கினாலும் ஞாயிறோடு முடிஞ்சுது. புதன் வந்து அடுத்த செவ்வாய் போகிறவருக்கு அது நட்டம். உங்களுக்கு அச்சாப் பொருத்தம். இந்த வருடம் 32 யூரோ சொச்சம், அதோடு கார்டுக்கு 5 யூரோ, ஒட்ட ஒரு சின்னப் படம். படத்தை ஊரிலிருந்தே கொண்டுவாங்கோ.

விமான நிலையத்துக்குத் தனி ரிக்கற் ஒரு தரம் 14 யூரோ. வர ஒன்று, போக ஒன்று, 28 அங்கேயே போயிற்று. வாரக் கார்டில் விமான நிலையமும் அடக்கம், வெர்சாயும் அடக்கம். ஆகவே பெரியாக்களுக்கு யோசிக்காமல் எடுங்கோ. மகனுக்கு பத்து வயது ஆகேல்லை, அவருக்கு அரை விலை ரிக்கற் இருக்குது.

அம்மாவுக்கு ஒரு விசயம். பரிஸ் மெற்றோவில் படியோ படி. 14ஆம் இலக்கப் பாதை ஒன்றில்தான் எல்லாத் தரிப்பிடத்திலும் லிஃப்ட் இருக்குது. முழங்கால் நோகிறவவை மற்றப் பாதைகளில் ஏற்றி இறக்காதீங்கோ. பேருந்தில் கூட்டிப்போங்கோ, அதே கார்டுதான். 69ஆம் இலக்கப் பேருந்து ஈஃபிள் பக்கமிருந்து வெளிக்கிட்டு ஓர்சே, லூவர், பஸ்தீய் எல்லாம் தொட்டுக்கொண்டு போகும். யன்னல் ஓரம் இருத்திவிட்டால் அதுவே அவவுக்கு ஒரு சுற்றுலா.

கோவை_செந்தில்

அக்கா, இந்த 69 விஷயம் தங்கம். அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலையே.

இப்போ என் திட்டம் இது. செவ்வாய்: நோத்ர தாம், சேன் நதிக்கரை, மாலை ஈஃபிள். புதன்: வெர்சாய். வியாழன்: வெற்றி வளைவு, ஓர்சே. வெள்ளி: லூவர். இதற்கு 96 மணி நேர பாஸ் தேவையா, 48 போதுமா?

கணக்குப்புலி

48 போதும், கச்சிதமாக. செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் பாஸ் வேலையே இல்லை. நோத்ர தாம் பேராலயத்துக்குள் போக எப்போதும் இலவசம், 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். ஈஃபிளுக்குத் தனி டிக்கெட். ஆகவே செவ்வாய் கடிகாரத்தைத் தொடாதீர்கள்.

புதன் காலை 10 மணிக்கு வெர்சாயில் முதல் ஸ்கேன். வியாழன் ஓர்சே இரவு 9.45 வரை திறந்திருக்கும், அன்று மட்டும்தான் அப்படி, மாலை போனால் கூட்டம் கொஞ்சம் குறையும். வெள்ளி லூவரைக் காலை 9 மணிக்குப் பதிவு செய்யுங்கள். உங்கள் பாஸ் 10 மணிக்கு முடியும், ஆனால் உள்ளே நுழையும்போது உயிரோடு இருந்தால் போதும். லூவர், வெர்சாய், ஓர்சே மூன்றின் டிக்கெட்டே எண்பதைத் தாண்டுகிறது. அதன் மேல் வெற்றி வளைவு. வியாழன் மதியம் சேன் ஷப்பேலையும் நுழைத்தால் பாஸ் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் லூவர், வெர்சாய், சேன் ஷப்பேல் மூன்றிலும் பாஸ் வைத்திருப்பவருக்கான நேரம் மிச்சம் இருக்கிறதா என்று அந்தந்தத் தளத்தில் பாருங்கள். இருந்தால் பாஸை வாங்கி உடனே பதிவு செய்யுங்கள். பாஸ் இருக்கிறது, நேரம் கிடைக்கவில்லை என்றால் பாஸை வைத்துக்கொண்டு வாசலில் படம்தான் எடுக்கலாம். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்பதையும் நம்பாதீர்கள். டிக்கெட் வாங்கும் வரிசைதான் போகும், பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு.

வியன்னா_ரயில்

வேலைநிறுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன டிசம்பரில் லூவர் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து மியூசியம் மூடிக் கிடந்தது. லூவரைக் கடைசி நாளில், பாஸின் கடைசி மணி நேரத்தில் வைத்தால், அன்று மூடினால் மாற்று நாளே இல்லை. புதன் மாலை லூவர் இரவு 9 வரை உண்டு. காலை வெர்சாய், மாலை லூவர் என்று வைக்கலாமே?

லாச்சப்பல்_அக்கா

வெர்சாய்க்குப் போட்டு வந்த அன்று லூவரோ? சும்மா இருங்கோ. அந்தத் தோட்டத்தை நடந்து முடிக்கவே கால் கழன்றுபோகும். ஒன்பது வயதுப் பிள்ளை லூவர் வாங்கிலில் நித்திரை கொள்ளும்.

கணக்குப்புலி

அக்கா சொல்வதே நடைமுறை. வேலைநிறுத்தம் வந்தால் வந்ததுதான்.

ஓவிய_ராணி

யாருமே சேன் ஷப்பேலைப் பற்றி விவரமாகச் சொல்லவில்லையே? செந்தில், எதை விட்டாலும் அதை விடாதீர்கள். ஒன்பதாம் லூயி மன்னர் இயேசுவின் முள்முடியை வைப்பதற்காகக் கட்டிய ஆலயம், 1248இல் அர்ப்பணிக்கப்பட்டது. மேல்தளத்தில் சுவரே இல்லை, பதினைந்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்தான், ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் உயரம். வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மேலே போகும் படிக்கட்டு ஒடுக்கமாக வளைந்து போகும், அம்மாவுக்குச் சிரமம். வெற்றி வளைவிலும் 284 படி. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு அங்கே லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், ஊழியரிடம் கேட்க வேண்டும்.

டிராயிங்_மாஸ்டர்

செந்தில் தம்பி, உங்கள் திட்டத்தில் வியாழன் வெற்றி வளைவு என்று இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஈயேனா மெட்ரோ பக்கம், கிமே என்ற ஆசியக் கலை மியூசியம். எமில் கிமே என்ற தொழிலதிபர் சேர்த்த பொருட்களை வைத்து 1889இல் பாரிஸில் திறந்தது. பாஸில் உண்டு. கம்போடியாவின் கெமர் சிற்பங்களுக்குப் பேர் போன இடம், ஆனால் நம் ஆட்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சோழர் கால நடராஜர் அங்கே நிற்கிறார். பாரிஸுக்குப் போகும் தமிழர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் லூவருக்குப் போய் மோனா லிசாவைப் பார்த்துவிட்டு, இவரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம்.

அம்மாவையும் கூட்டிப்போங்கள். பெரிய மியூசியம் இல்லை, கூட்டமும் இல்லை.

நடராஜர் என்றதும் ஒரு செய்தி. சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அதைப் பார்த்து 1913இல் அவர் எழுதிய குறிப்பு, அவர் இறந்த பின் 1921இல் அச்சானது. வெறும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு உதடு, கழுத்து, பாதம் என்று ஒவ்வொரு அங்கமாக வியந்திருக்கிறார். ரோடின் மியூசியமும் உங்கள் பாஸில் இருக்கிறது, 'சிந்தனையாளன்' தோட்டத்தில் உட்கார்ந்திருப்பான். நேரம் இருந்தால்.

பாருங்கள், பாஸுக்கு எதிராகப் பேச வந்தவன் இரண்டு மியூசியத்தைச் சேர்த்துவிட்டேன்.

கணக்குப்புலி

மாஸ்டர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

டிராயிங்_மாஸ்டர்

வரவில்லை. கிமேக்குத் தனியாக டிக்கெட் வாங்கினாலும் தகும் என்றுதான் சொல்கிறேன். அதோடு, இலவசமாகவே பாரிஸில் பார்க்க நிறைய இருக்கிறது. பெத்தி பலே, கார்னவாலே போன்ற நகராட்சி மியூசியங்களில் நிரந்தரக் காட்சிக்குக் காசே கிடையாது. பெத்தி பலேயில் ஓவியம் இருக்கிறது, நடுவில் தோட்டம் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே, ஒராஞ்சரி, கிமே எல்லாம் எல்லோருக்கும் இலவசம். பாஸ் விற்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவார்களா?

தோசைக்கல்_சிங்கை

முதல் ஞாயிறு இலவசம்தான், கூட்டமும் இலவசம்.

ஒராஞ்சரி என்றீர்களே, மோனேயின் அல்லிக்குளம் இரண்டு முட்டை வடிவ அறைகளில் சுற்றிலும் இருக்கும், லூவரிலிருந்தும் ஓர்சேயிலிருந்தும் நடக்கும் தூரம்தான். பாஸில் உண்டு, நேரப் பதிவு வேண்டும். ஆனால் மோனேயின் 'சூரியோதயம்' மார்மோத்தான் என்ற வேறு மியூசியத்தில் இருக்கிறது, அது பாஸில் இல்லை. பொம்பிதூ மையமும் பட்டியலில் இருக்குமே என்று தேடாதீர்கள், 2025இல் மூடிவிட்டார்கள், 2030இல்தான் திறப்பார்களாம்.

வெர்சாயில் ஒரு கூடுதல் செலவு வரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீரூற்றும் இசையும் ஓடும் நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், பாஸில் அது கிடையாது. நீங்கள் போகும் புதன் அப்படிப்பட்ட நாளா என்று அரண்மனைத் தளத்தில் பாருங்கள். த்ரியானோன் சிறு அரண்மனைகள் மதியம் 12க்குத்தான் திறக்கும், அதனால் காலையில் பெரிய அரண்மனை, அப்புறம் அது. அம்மாவுக்கு உள்ளே ஓடும் குட்டி ரயில் இருக்கிறது, காசு கொடுத்து ஏற வேண்டும்.

லாச்சப்பல்_அக்கா

வெர்சாய்க்கு ஆர்ஈஆர் ஸே தொடருந்தில் ஏறுங்கோ, ஆனால் அது பல பக்கம் பிரிந்து போகும். பலகையில் 'வெர்சாய் ஷாத்தோ' என்று போட்டிருக்குதோ என்று பார்த்து ஏறவேணும். கடைசித் தரிப்பிடம், அங்கிருந்து பத்து நிமிசம் நடை.

கைப்பை கவனம். மெற்றோ 1ஆம் பாதையிலும் ஈஃபிள் அடியிலும் கள்ளர் கூட. கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டிற பெட்டையள், கையில் நூல் கட்டிற ஆக்கள், நிமிர்ந்தும் பார்க்காமல் நடவுங்கோ.

பேந்து, பிள்ளைகள் பாணும் சீஸும் சாப்பிட்டு அலுத்துப் போவினம். ஒரு பின்னேரம் கார் து நோர் ஸ்டேசன் பக்கம் லாச்சப்பலுக்கு வாங்கோ. இடியப்பம், கொத்து, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயிலும் கிட்டத்தான். தேர் ஓகஸ்ட் கடைசியில் வரும், நீங்கள் மேயில் வருகிறீர்கள், அது ஒன்றுதான் குறை. அண்டைக்குத் தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பினம், பிரெஞ்சுக்காரரும் நின்று படம் எடுப்பினம்.

கோவை_செந்தில்

முடிவு செய்துவிட்டேன். நானும் மனைவியும் 48 மணி நேர பாஸ். அம்மாவுக்கு லூவர், வெர்சாய் தனி டிக்கெட், எங்கள் அதே நேரத்துக்கு. வியாழன் கிமேக்கும் அம்மா வருவார், அங்கே வாசலில் வாங்கிக்கொள்கிறோம். நாங்கள் சேன் ஷப்பேல் போகும்போது அம்மா மருமகனோடு நோத்ர தாமில் உட்கார்ந்திருப்பார். மகளுக்கும் மகனுக்கும் இலவசப் பதிவு. மூனிக் மருமகன் வதிவிட அட்டையோடு வருகிறான். ஐந்து பாஸ் இரண்டாகிவிட்டது.

நேரங்களைப் பார்த்தேன், வெள்ளி 9 மணி லூவர் இப்போதைக்கு இருக்கிறது. இன்று இரவே போட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. லூவரில் அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வீல்சேர் வெளியே வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

ஓவிய_ராணி

வேண்டாம். லூவரிலேயே இலவசமாகத் தருகிறார்கள். பிரமிடுக்குக் கீழே உள்ள கூடத்தில் கேளுங்கள், ஒரு அடையாள அட்டையை அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டும். எந்த லிஃப்ட் எந்தத் தளத்துக்குப் போகும் என்பது வரைபடத்தில் இருக்கும், அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி எதுவும் கொண்டு போகாதீர்கள், 55 × 35 × 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

லாச்சப்பல்_அக்கா

பாஸ்போட்டை அங்கே குடுக்காதீங்கோ தம்பி, வேறு அட்டை ஏதும் இருந்தால் அதைக் குடுங்கோ. பிள்ளைகளின் பாஸ்போட் வாசலில் காட்ட வேணும், அதை மனைவியின் கைப்பையில் வையுங்கோ.